மீன் தொட்டிக்கு உறை ஊற்றுதல்

எங்கள் அடுக்ககத்தில் யாராவது புதிதாக மீன் தொட்டி வாங்கினால் என்னையும் ஒரு நடை வந்து பார்க்கச் சொல்வார்கள். போகும்போது ஒரு டிபன் டப்பாவில் என் ஃபில்டரிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைக் கொண்டுபோவேன். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, மழை விட்டதும் வருகிற மண்வாசனையோடு இருக்கும். புதுக் கண்ணாடி, கழுவி வைத்த வெள்ளைக் கூழாங்கல், நீல விளக்கு என்று ஜோராக நிற்கிற தொட்டிக்குள் இதைப் போடச் சொன்னதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். “கழுவிட்டுப் போடலாமா அங்கிள்?” என்பதுதான் வழக்கமான முதல் கேள்வி. கழுவினால் நான் கொடுத்ததே வீண்.

பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு அது தானாகத் தயிராகட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி ஊற்றுகிறோம். மீன் தொட்டிக்கும் உறை வேண்டும். அந்த அழுக்கு ஸ்பாஞ்சில் இருப்பது அதுதான்.

மூன்றாம் மாடிப் பையன் ஒருவனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒன்றரை அடித் தொட்டி வந்தது. அன்று மாலையே ஐந்தாறு கோல்டு ஃபிஷ் வாங்கி விட்டார்கள். ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் தினம் ஒன்று மிதக்க ஆரம்பித்தது. “தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேண்ணா, எப்படிச் சாகுது?” என்று அவன் அம்மா கேட்டார். தண்ணீர் உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடியின் ஓரம் அடிபட்டதுபோல் சிவந்திருந்தது. சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து அம்மோனியா பார்க்கும் இரண்டு மருந்தையும் சொட்டுவிட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சில நிமிடங்களில் அடர்பச்சைக்குப் போனது. பையன் குழாயை விளக்குக்கு நேரே பிடித்து, “செம கலரு!” என்றான்.

மீன் வெளியேற்றும் நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கு அம்மோனியா. அதில் அதிகம் செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மிச்சம் விழுந்த தீனி, அழுகிய இலை, கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும் நத்தை எல்லாம் அதே கணக்கில் சேரும். ஏரி குளத்தில் இது கரைந்து காணாமல் போகும். நாற்பது ஐம்பது லிட்டர் தண்ணீரில் போவதற்கு இடம் இல்லை. அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத அம்மோனியம், மற்றது செவுளை அரிக்கும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச்சும் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) வெப்பமும் தீர்மானிக்கின்றன. சென்னை வீட்டுத் தொட்டிகளில் சாதாரணமாக இருக்கும் 28, 30 டிகிரி சூட்டில், பிஎச் 7 என்றால் விஷ வடிவம் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. பிஎச் 8 ஆனால் ஏழு பங்கு வரை போகும். எங்கள் போர் தண்ணீர் பிஎச் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அந்தக் கோல்டு ஃபிஷ்கள் தாக்குப்பிடித்த ஒரு வாரமே அதிகம்.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும்; இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். அது மீனின் ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். நைட்ரேட்டில் அவ்வளவு ஆபத்தில்லை.

1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டினார். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்று அதன்பின் நூறு ஆண்டு எல்லாப் புத்தகத்திலும் அச்சிட்டார்கள். மீன் கடைப் பாட்டில்களில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 1998-ல் டிமோத்தி ஹோவானெக் குழுவினர் நன்னீர் மீன் தொட்டிகளின் ஃபில்டர்களை மரபணு முறையில் சோதித்துப் பார்த்தபோது அங்கே வேலை செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு பாக்டீரியா. 2015-ல் இன்னொரு ஆச்சரியம். அம்மோனியாவை நேரே நைட்ரேட் வரைக்கும் தனியாளாகக் கொண்டுபோகும் நைட்ரோஸ்பைரா வகை ஒன்றை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அதில் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டர். பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற உயிர்களுக்கும் அம்மோனியா வேலையில் நல்ல பங்கு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். வீட்டில் நாம் உதறிக் கழுவுகிற ஸ்பாஞ்சைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஒரு குஷி.

தொட்டி வைப்பவருக்கு இதில் உதவுகிற விஷயங்கள் மூன்று. முதலாவது, இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல, ஏதாவது ஒன்றின்மேல் படலமாக ஒட்டி வாழ்பவை. “பழைய தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட் ஊத்துங்க, செட் ஆயிடும்” என்று கடையில் சொல்வதில் அதனால்தான் பெரிய பலன் இல்லை. தண்ணீரில் வருவது கொஞ்சம். கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டியிருப்பதுதான் அதிகம். இரண்டாவது, இவை வளரும் வேகம் ரொம்பக் குறைவு. வயிற்றில் இருக்கும் ஈ.கோலை தோதான இடம் கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஒரு தடவை அழித்துவிட்டால் திரும்ப வர வாரக்கணக்கு. மூன்றாவது, இவை விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வித்துகளை உண்டாக்குவதில்லை. ஈரம், காற்று இரண்டும் வேண்டும். நான் ஸ்பாஞ்சைக் கொண்டுபோகும் டப்பாவில் முழுக்கத் தண்ணீர் ஊற்றாததற்குக் காரணம் அதுதான். அடியில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர், மேலே காற்று இருந்தால் சில மணி நேரம் பத்திரம். சீக்கு வந்த தொட்டியிலிருந்து மட்டும் யாருக்கும் ஸ்பாஞ்ச் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. வெள்ளைப் புள்ளி நோய் அதோடு சேர்ந்தே வரும்.

இந்த மூன்றாவது விஷயத்தை வைத்துக் கடைப் பாட்டில்களைப் பார்த்தால் பாதி குழப்பம் தீரும். கொளத்தூர் பக்கம் மீன் கடைத் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை விதவிதமான பாக்டீரியா பாட்டில் அடுக்கியிருப்பார்கள். என் அனுபவத்தில் அவை மூன்று ரகம். ஒன்று பேசில்லஸ் வகை. இவை வித்துகளாக உறங்கும், ஆகவே பாட்டிலில் மாதக்கணக்கில் கெடாது. அடியில் தேங்கும் கசடைத் தின்று கரைக்கும். அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலைக்கு இவற்றை நம்ப முடியாது. இரண்டாவது சிவப்பு நிறத் திரவம், பிஎஸ்பி என்பார்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. குஞ்சுகளுக்குத் தீனியாக மாய்னா என்ற குட்டி நீருயிரியை வளர்க்கிறவர்கள் விரும்பி வாங்குவார்கள். மூடியைத் திறந்தால் வரும் வாடைக்கு வீட்டில் திட்டு விழும். மூன்றாவதுதான் உயிருள்ள நைட்ரோஸ்பைரா வகை. அது குளிர்ச்சியான இடத்தில் இருந்து, காலாவதித் தேதிக்குள் நம் கைக்கு வந்தால் வேலை செய்யும். மே மாதத்துச் சென்னையில், தகரக் கூரைக் கடையில், வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டிலில் எது உயிரோடு இருக்கும்?

இதை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று இரண்டு வாளியில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு அம்மோனியா, இரண்டிலும் காற்றுக்கல் போட்டு வைத்தேன். ஒன்றில் கடைப் பாட்டிலில் சொன்ன அளவு மருந்து, மற்றதில் உள்ளங்கை அகலப் பழைய ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச் வாளியில் ஓரிரு நாளில் பச்சை நிறம் மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. பாட்டில் வாளியில் வாரம் கழிந்தும் அதே பச்சை. இந்த ஒரு சோதனையை வைத்து எல்லா பாட்டிலும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கப்புறம் நான் பாட்டில் வாங்குவதில்லை.

தோட்டக்காரர்கள் இ.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசலைக் கொண்டுவந்து ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். ஜப்பானின் ஒகினாவாவில் டெருவோ ஹிகா என்ற பேராசிரியர் உருவாக்கிய கலவை அது. நம்மூரில் பரங்கி, பப்பாளி, வாழைப்பழம், வெல்லம், முட்டை போட்டு நொதிக்க வைக்கிறார்கள். செடிக்கு ஊற்றலாம். சின்னத் தொட்டியில் ஊற்றினால் வெல்லத்தின் சர்க்கரையைத் தின்று வேறு பாக்டீரியாக்கள் பெருகி, தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். “பயோஃபிளாக் தொட்டியில மொலாசஸ் ஊத்துறாங்களே?” என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. பயோஃபிளாக் என்பது ஒரு மீன் பண்ணை முறை. அங்கே வேண்டுமென்றே மொலாசஸ் என்ற கரும்புப்பாகுக் கழிவால் சர்க்கரை கொடுத்து, பாக்டீரியா தன் உடம்பை வளர்க்க அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். தண்ணீர் பழுப்பாக, டீ மாதிரி இருக்கும். காற்று கொஞ்ச நேரம் நின்றாலும் மீன் திணறும், அதனால் ராத்திரி பகலாக புளோயரும் ஜெனரேட்டரும் தயாராக நிற்கும். வரவேற்பறைத் தொட்டிக்கு அது தோதான வழி இல்லை.

சரி, ஸ்பாஞ்ச் கொடுக்க ஆளே இல்லாவிட்டால்? மீனே விடாமல் தொட்டியைப் பழக்கும் முறை இருக்கிறது. அதற்கு வேண்டியது அம்மோனியம் குளோரைடு, நம் பாட்டிமார் சொன்ன நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் தூவுவாரே, வெள்ளைப் புகை கிளம்புமே, அதேதான். நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சின்ன டப்பா வாங்குவது மேல். ஒரு டப்பா ஆயுசுக்கும் வரும். நூறு லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். ஃபில்டரை ஓடவிட்டு, ஓரிரு நாளுக்கு ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். முதல் ஒன்றிரண்டு வாரம் ஒன்றுமே நடக்காது. பொறுமையில்லாத ஆள் இங்கேதான் மீன் வாங்கக் கிளம்புவார். பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். என் சோதனைப் பெட்டியில் நைட்ரைட் இல்லாத தண்ணீர் இளநீலமாகவும், இருந்தால் ஊதாவாகவும் மாறும். அந்த நாட்களில் மருந்து விழுந்த கணத்திலேயே அடர் ஊதா. சில நாள் அப்படியே நின்று, ஒரு காலையில் திடீரென்று நீலத்துக்குத் திரும்பிவிடும். அந்த நீலத்தைப் பார்க்கிற திருப்திக்காகவே நான் இன்னொரு தொட்டி வைப்பேன்.

போட்ட 2 மில்லிகிராம் ஒரே நாளில் தீர்ந்து, நைட்ரைட்டும் இல்லை என்றால் தொட்டி தயார். மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். நம் ஊர்ச் சூடு இதற்குச் சாதகம். 25இலிருந்து 30 டிகிரிவரை இவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

ஏற்கெனவே மீன் விட்டாகிவிட்டது என்றால், மூன்றாம் மாடி வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். தீனியை இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை என்று குறைத்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்பங்கு தண்ணீர் மாற்றினோம். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பு போட்டோம். நைட்ரைட் மீனுக்குள் நுழைவது உப்பிலிருக்கும் குளோரைடு நுழையும் அதே வாசல் வழியாகத்தான். வாசலில் குளோரைடு கூட்டம் அதிகமாக இருந்தால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. கூடவே என் ஸ்பாஞ்ச். இரண்டு மீனும் பிழைத்தன. தண்ணீர் நடுவில் ஒரு வாரம் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. புதுத் தொட்டியில் கசடைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் பெருகுவதால் வருவது அது, தானாகத் தெளியும். அதற்கென்று விற்கும் தெளிவாக்கும் மருந்தை வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

தயாரான தொட்டி கெடுவது பெரும்பாலும் சுத்தம் செய்யும்போதுதான். மாதம் ஒரு தடவை மீன்களை வாளியில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லை அரிசி களைவது போலக் குழாயடியில் அலசி, ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுப் பிழிந்து, ஃபில்டர் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு வைப்பது பல வீடுகளில் சடங்கு. இதற்கென்றே ஆள் வந்து செய்துவிட்டுப் போவதும் உண்டு. மறுநாள் தொட்டி புதுசு போல ஜொலிக்கும், பாக்டீரியாவைப் பொறுத்தவரை உண்மையிலேயே புதுசு. அடுத்த வாரம் ஒன்றிரண்டு மீன் போகும். “இந்த வெரைட்டியே வீக்குங்க” என்று கடையில் சமாதானம் சொல்வார்கள்.

நான் செய்வது இவ்வளவுதான்: தண்ணீர் மாற்றும் நாளில் சைஃபன் குழாயால் உறிஞ்சிய தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து, அதிலேயே ஸ்பாஞ்சை நாலு தடவை அமுக்கி எடுக்கிறேன். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் கசடு இறங்கும். நிறம் போகும்வரை பிழிவதில்லை. துளைகள் அடைபடாமல் தண்ணீர் ஓடினால் போதும். பாக்டீரியா ஒட்டி வாழ ஃபில்டருக்குள் வைக்கும் செராமிக் வளையங்களை வருஷத்துக்கு ஒரு தடவை லேசாக அலசினால் உண்டு. ஃபில்டர் பஞ்சு நைந்துபோனால் பாதியை மட்டும் மாற்றி, மீதியை அடுத்த மாதம் மாற்றுவேன். விலையுயர்ந்த வளையம்தான் வேண்டும் என்பதில்லை. லாவா கல், உடைத்த செங்கல் ஜல்லி இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. செங்கல்லை முதலில் தூள் போக அலசிவிட்டு வையுங்கள்.

அடுத்த எதிரி குளோரின். அது கிருமியைக் கொல்லத்தான் தண்ணீரில் போடப்படுகிறது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. லாரித் தண்ணீர் வரும் நாளில் சில சமயம் வாசனையே மூக்கைத் துளைக்கும். கடையில் ஆன்டி குளோரின் என்று கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், ஃபோட்டோ கழுவும் இருட்டறையில் ‘ஹைப்போ’ என்று சொன்ன படிகம். சாதாரணக் குழாய்த் தண்ணீர் நூறு லிட்டருக்கு ஒரு கிராம் தாராளம். மீன் சுணங்கினால் உடனே கடையில் நீட்டும் நீல மருந்தும், மெத்திலீன் புளூ, இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆகாது. மருந்து தர வேண்டிய மீனைத் தனி டப்பில் எடுத்து வையுங்கள். முக்கியத் தொட்டியில் அந்த நீலம் விழக் கூடாது.

அப்புறம், ராத்திரி ஃபில்டரை நிறுத்தும் பழக்கம். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று காரணம் சொல்வார்கள். ஐந்து வாட் ஏர் பம்ப் மாதம் முழுக்க இருபத்துநான்கு மணி நேரம் ஓடினாலும் நாலு யூனிட்கூட வராது. அம்மோனியாவில் இருக்கும் நைட்ரஜன் ஒவ்வொரு மில்லிகிராமையும் நைட்ரேட் ஆக்க இவற்றுக்கு நாலரை மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். அவ்வளவு மூச்சு வாங்கிச் செய்கிற வேலை. எட்டு மணி நேரம் ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால் பம்புக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வையுங்கள், பாதி குறையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் போனது போனதுதான். பெரிய தொட்டியில் இருப்பது கேனிஸ்டர், அதாவது மூடிய டப்பா ஃபில்டர். அதில் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீரின் பிராணவாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்படியே விட்டு, கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்தால், அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு கறுப்புத் தண்ணீரைத் தொட்டிக்குள் கக்கும். அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி, டப்பாவைத் திறந்து, வளையங்களை வெங்காயம் வரும் வலைப் பையில் போட்டுத் தொட்டியின் மேல்மட்டத்தில் பாதி முங்கியும் முங்காமலும் தொங்கவிட்டேன். வீட்டில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு மக் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அந்தப் பைமேல் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. என் மனைவி, “கீழே வெள்ளம், மேலே இவருக்கு அபிஷேகம்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். தீனி ஒரு பருக்கைகூடப் போடவில்லை. வளர்ந்த மீன்கள் சில நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் டப்பாவில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வளையங்களைத் திரும்ப அடுக்கி ஓட்டினேன். அடுத்த நாட்களில் சோதித்தபோது அம்மோனியா இல்லை. அதன்பின் ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைத்திருக்கிறேன்.

இத்தனையும் கவனித்தும் சில ஊர்களில் தொட்டி கவிழும். கோவையில் என் தங்கை வீட்டில் அப்படித்தான். மாப்பிள்ளை ஒழுங்கான ஆள். ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டாதவர். தொட்டி ஒன்றரை வருஷம் நன்றாகவே ஓடியது. நடுவில் வேலை மிகுதியில் சில மாதம் தண்ணீர் மாற்றாமல், ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தார். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முக்கால்வாசித் தண்ணீரை மாற்றினார். சாயங்காலமே போன் வந்தது. “மச்சான், சும்மா இருந்தவரைக்கும் நல்லா இருந்துச்சுங்க. நல்ல தண்ணி மாத்துனதும் அத்தனையும் போயிருச்சுங்க.”

அவர் வீட்டில் வருவது சிறுவாணித் தண்ணீர். குடிக்க அமிர்தம், தாது உப்புகள் ரொம்பக் குறைவு. அந்த வாரக் கடைசியில் நேரில் போனபோது, பழைய தண்ணீர் கொஞ்சம் ஒரு வாளியில் அப்படியே இருந்தது. பிஎச் 6-க்குக் கீழே. சிக்கல் புரிந்துவிட்டது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்குத் தண்ணீரிலிருந்து ஏழு மில்லிகிராம் கார்பனேட் சத்து செலவாகும். சென்னை போர் தண்ணீரில் அந்தச் சத்து கொட்டிக் கிடக்கிறது. சிறுவாணியில் இருப்பே கொஞ்சம். அது தீர்ந்ததும் பிஎச் சரிந்திருக்கிறது, சரிந்ததும் பாக்டீரியா வேலையை நிறுத்தியிருக்கிறது, அம்மோனியா சேர ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அமிலத் தண்ணீரில் அத்தனையும் மீனைத் தொடாத அம்மோனிய வடிவில் இருந்ததால் மீன் சாகவில்லை. அன்று அவர் ஊற்றிய தண்ணீர், குழாய்த் தண்ணீர் போதாமல் அடுக்ககத்துப் போரிலிருந்து பிடித்தது. பிஎச் ஒரே மணி நேரத்தில் 8 பக்கம் ஏறியிருக்கும். மிச்சமிருந்த அம்மோனியம் கண்மூடித் திறப்பதற்குள் விஷமாகியிருக்கும்.

தண்ணீர் மாற்றினால் மீன் சாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் பார்த்தது பொய் இல்லை. மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டதுதான் கண்ணில் படாமல் போகிறது. ரொம்ப நாள் மாற்றாத தொட்டி என்றால், தினம் பத்தில் ஒரு பங்கு என்று மெல்ல மாற்றிக்கொண்டே வாருங்கள். மென்னீர் வருகிற ஊரில், கையளவு கிளிஞ்சலைக் கழுவி வலைப் பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டுவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கார்பனேட்டை ஈடுகட்டும். மாப்பிள்ளை இப்போது அதைத்தான் செய்கிறார். ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான் காத்திருக்கிறது, சென்னையிலேயே.

மீன் எண்ணிக்கையையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். இருக்கிற தீனிக்கு ஏற்ற அளவில்தான் பாக்டீரியா இருக்கும். நாலு சின்னக் கப்பி மீன் இருந்த தொட்டியில் திடீரென்று ஆஸ்கர் என்ற பெரிய மீன் ஒன்றை விட்டால் பாக்டீரியா ஈடுகொடுக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் பாசியை மேயும், ஆனால் மேய்ந்ததைவிட அதிகமாகக் கழிவும் போடும். அதுவும் ஒரு மீன் என்றே கணக்கில் சேருங்கள்.

பாக்டீரியா முடித்துவைக்கும் நைட்ரேட் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு போகும். அதை வெளியேற்ற வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றத்தான் வேண்டும். மணி பிளான்ட் கொடியின் வேர் தொட்டிக்குள் தொங்கினால் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். இலையை மட்டும் தண்ணீருக்கு மேலே வையுங்கள், உள்ளே அழுகினால் திரும்ப அம்மோனியாதான். மாற்றி எடுத்த தண்ணீரை எங்கள் மொட்டை மாடியில் கீரைக்கும் கத்தரிக்கும் ஊற்றுகிறோம். கத்தரி இலை கருகருவென்று வருகிறது. கல்லுப்பு போட்ட தொட்டித் தண்ணீரையும் மருந்து போட்ட டப்புத் தண்ணீரையும் மட்டும் செடிக்குக் கொண்டுபோவதில்லை, சாக்கடைக்கே விட்டுவிடுவோம்.